மீதமுள்ள தூரம் 0 கி.மீ.

விமானத்தில் சீட்டுக்கு முன்னால் இருக்கும் சின்னத் திரையில் படம் பார்ப்பவர்கள் ஒரு ரகம். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குபவர்கள் இன்னொரு ரகம். நான் மூன்றாவது ரகம். ஏறி உட்கார்ந்ததிலிருந்து இறங்கும்வரை வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். வேகம், உயரம், வெளியே எவ்வளவு குளிர், காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, மீதமுள்ள தூரம், மீதமுள்ள நேரம். பத்து மணி நேரம் இதையே பார்க்க ஒருவனால் முடியுமா என்று கேட்டால், முடியும். வீட்டில் யாரும் நம்பியதில்லை.

ஒருமுறை நீண்ட பயணம் ஒன்றில் பக்கத்து சீட்டில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. தனியாக வந்திருந்தார். மூன்று மணி நேரம் என் திரையை ஓரக்கண்ணால் பார்த்தபடியே வந்தவர், கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏன் தம்பி, இவன் எதுக்கு இப்படி வடக்கே சுத்திக்கிட்டுப் போறான்? நேரா போனா சீக்கிரம் போயிரலாம்ல?"

"இதுதாம்மா நேர் வழி" என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. திரையில் விமானத்தின் பாதை வில்லைப் போல வளைந்து கிடந்தது. அதைக் காட்டி இது நேர்கோடு என்றால் யார்தான் நம்புவார்கள்?

கையில் உலக உருண்டை இல்லை. என் தலை இருந்தது. முன்பக்கம் பாதி வழுக்கை, உச்சி முழு வழுக்கை. இயர்போன் ஒயரை எடுத்து, காதுகளுக்கு நாலு விரல் மேலே இரண்டு பக்கமும் இரண்டு இடங்களைத் தொட்டுக் காட்டினேன். "இது ஒரு ஊர், இது ஒரு ஊர். ரெண்டும் ஒரே உயரத்துல இருக்கு. நெத்தியைச் சுத்திப் போனா எவ்வளவு ஒயர் வேணும் பாருங்க. இப்ப உச்சந்தலை வழியா போறேன், பாருங்க." ஒயர் கணிசமாக மிச்சப்பட்டது. அந்த அம்மா சிரித்துவிட்டார். (யாராவது வீட்டில் செய்து பார்ப்பதென்றால் காதிலிருந்தே அளக்காதீர்கள், சரியாக வராது. தலை என்கிற உருண்டைக்குக் காதுதான் ஏறக்குறைய பூமத்தியரேகை. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.)

தலையை விட்டுவிட்டு நிஜ ஊர்களுக்கு வருவோம். நியூயார்க்கும் பெய்ஜிங்கும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, இரண்டும் வடக்கே 40 டிகிரியை ஒட்டி. அந்த அட்சரேகையைப் பிடித்துக்கொண்டே ஒரு விமானம் போனால் 14,000 கிலோமீட்டருக்கும் மேல் பறக்க வேண்டும். உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய வழி சுமார் 11,000 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த வழி 84 டிகிரி வடக்குவரை ஏறி, வட துருவத்துக்குப் பக்கத்தில் போய்விட்டு இறங்குகிறது. இந்தக் குறுக்கு வழிக்குப் பெருவட்டம் என்று பெயர். பூமியின் மையத்தின் வழியாக ஒரு கத்தியை இறக்கினால் மேற்பரப்பில் விழும் கோடு அது.

நம் கண்ணைக் கெடுத்தது தட்டையான வரைபடம். 1569-இல் மெர்கேட்டர் என்ற வரைபடக் கலைஞர் வரைந்தது மாலுமிகளுக்கான வரைபடம். திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக் கப்பல் ஓட்டினால் அந்தப் பாதை அதில் நேர்கோடாக வரும். அதற்கு விலையாகத் துருவப் பக்கம் எல்லாவற்றையும் இழுத்து நீட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் பரப்பில் ஆப்பிரிக்காவில் பதினான்கில் ஒரு பங்கு மட்டுமே உள்ள கிரீன்லாந்து அதில் ஆப்பிரிக்கா அளவுக்கு ஊதிக் கிடக்கிறது. பள்ளிச் சுவரில் அதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு விமானம் வளைந்து போவதாகத்தான் தோன்றும். வளைந்திருப்பது வரைபடம்.

இரண்டு ஊர்ப் பெயர்களைத் தட்டினால் விமானத் தூரமும் பயண நேரமும் சொல்கிற தளங்கள் எக்கச்சக்கமாக இருக்கின்றன. எனக்கு அது ஒரு பழக்கம். யாராவது எங்கேயாவது போகிறேன் என்றால் உடனே தட்டிப் பார்த்துவிடுவேன். அந்தத் தளங்கள் செய்வது என்னவென்று பார்த்தால் ஒன்றும் பெரிய மாயமில்லை. இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துப் பெருவட்டத் தூரத்தைக் கணக்கிடுகின்றன. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் போதும். பூமி அச்சு அசலான உருண்டை இல்லை. பூமத்தியரேகைப் பக்கம் ஆரம் 6,378, துருவத்தில் 6,357. இருந்தாலும் உருண்டை என்று வைத்துப் போட்ட கணக்கு பெரும்பாலும் நூற்றுக்கு அரை பங்குகூடத் தவறுவதில்லை. விமானம் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் வட்டம் கொஞ்சம் பெரிதாகுமே என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 10,000 கிலோமீட்டருக்கு 17 கிலோமீட்டர் கூடுகிறது. அவ்வளவுதான், இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ஆக, தூரம் உறுதியான எண். எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே அது ஏறத்தாழ 20,000 கிலோமீட்டரைத் தாண்டவே முடியாது, பூமியின் சுற்றளவில் பாதி அதுதான். பிரச்சினை பக்கத்தில் போட்டிருக்கும் இரண்டாவது எண்ணில். பல தளங்கள் அந்தத் தூரத்தை மணிக்கு எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்று ஒரே வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் கூட்டிப் போட்டுவிடுகின்றன. நானும் மனக்கணக்குக்கு இதையே வைத்திருக்கிறேன்: 850-ஆல் வகு, அரை மணி கூட்டு. நீண்ட பயணத்துக்கு ஆச்சரியப்படும் அளவுக்குச் சரியாக வரும். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் 15,300 கிலோமீட்டருக்கு மேல். கணக்குப்படி பதினெட்டரை மணி நேரம். நிஜத்திலும் பதினெட்டரை மணி நேரத்தை ஒட்டித்தான் அந்த விமானம் பறக்கிறது.

குட்டித் தூரத்தில் இந்தக் கணக்கு குப்புற விழும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். நடுவே 2.7 கி.மீ. உலகிலேயே மிகக் குறுகிய விமானச் சேவை இதுதான். அட்டவணையில் இரண்டு நிமிடம் என்று இருக்கும். காற்று சாதகமாக இருந்த ஒருநாள் 53 விநாடியில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். என் சூத்திரத்தைப் போட்டால் அரை மணி நேரம் வரும்.

இந்த இரண்டாவது எண்ணை நம்பி நானே ஒருமுறை அடிபட்டேன். இரண்டு பயணச்சீட்டுகளைத் தனித்தனியாக வாங்கியிருந்தேன். முதல் விமானம் ஒரு மணி பத்து நிமிடம் என்று தளம் சொன்னது. அதன் மேல் ஒன்றரை மணி நேரம் இடைவெளி விட்டு, தாராளம் என்று நினைத்தேன். விமானம் ஒரு மணி பத்து நிமிடம்தான் பறந்தது, பொய்யில்லை. பறப்பதற்கு முன்னால் ஓடுபாதைக்கான வரிசையில் முப்பத்தைந்து நிமிடம் நின்றது. இறங்கியபின் ஊர்ந்து ஊர்ந்து நிறுத்துமிடத்துக்குப் போகக் கால் மணி நேரம். பிறகு பஸ், லக்கேஜ், இன்னொரு முனையத்துக்கு ஓட்டம். அடுத்த விமானத்தின் கவுன்ட்டரில் இருந்தவர், "பத்து நிமிஷம் முன்னாடி மூடிட்டோம் சார்" என்றார். தனித்தனிச் சீட்டு என்பதால் அது யாருடைய பொறுப்பும் இல்லை. புதுச் சீட்டுக்குக் கொடுத்த பணத்தை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அன்றைக்குத்தான் பிளாக் டைம் என்ற சொல் எனக்கு அறிமுகமானது. நிற்கும் விமானம் நகராமல் இருக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, அடுத்த ஊரில் நின்று கட்டை வைக்கும்வரை ஆகும் நேரம் அது. விமான நிறுவனத்தின் அட்டவணையில் இருப்பது இந்த நேரம். அதற்குள் பறக்கும் நேரமும் உண்டு, தரையில் ஊரும் நேரமும் உண்டு, 'எதற்கும் இருக்கட்டும்' என்று அவர்கள் சேர்த்துவைக்கும் பத்து இருபது நிமிடமும் உண்டு. சில விமானங்கள் தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, பயணிகள் விமானியைப் பாராட்டுவார்களே, அதில் பாதிப் புகழ் அட்டவணை போட்டவருக்குச் சேர வேண்டியது.

சரி, பறக்கும் நேரமாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் (knot) வேகத்துக்கு மேல் போகக்கூடாது, அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ. 35,000 அடியில் பறக்கும் விமானம் ஊருக்கு இருநூறு கிலோமீட்டர் முன்பே இறங்கத் தொடங்கிவிடும். நெரிசலான ஊராக இருந்தால் வட்டமடிக்க வேறு வேண்டும். லண்டன் ஹீத்ரூவுக்கு வரும் விமானங்களை அடுக்கடுக்காக வட்டமடிக்க வைக்கவென்றே வானத்தில் நான்கு இடங்கள் குறித்துவைத்திருக்கிறார்கள். அப்போது திரையைப் பார்ப்பது எனக்குப் பெரிய வேடிக்கை. மீதமுள்ள தூரம் 40 என்று காட்டும், அப்புறம் 46, அப்புறம் மறுபடி 40.

ஆனால் பயண நேரத்தை உண்மையிலேயே ஆட்டிவைப்பது காற்று. இதைச் சொல்வதற்கு முன் ஒரு பழைய தப்பை ஒப்புக்கொள்கிறேன். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. பூமத்தியரேகையில் அந்த வேகம் மணிக்கு 1,670 கி.மீ. அப்படியானால் மேற்கே பறக்கிறவனுக்குப் போகிற ஊர் தானாகவே எதிரே வர வேண்டுமே, ஏன் மேற்கே போகத்தான் அதிக நேரம் ஆகிறது? கல்லூரி முடிக்கும்வரை இது எனக்குப் புரியாத புதிராகவே இருந்தது. பதில் ரொம்பச் சாதாரணம். ஓடுகிற ரயிலுக்குள் முன்னும் பின்னும் நடக்க ஒரே நேரம்தான் ஆகும், பெட்டியோடு நாமும் ஓடிக்கொண்டிருக்கிறோம். காற்றுமண்டலம் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, அதற்குள் மிதக்கும் விமானமும் அப்படித்தான்.

அந்தச் சுழற்சி வேறு வகையில் வேலையைக் காட்டுகிறது. வெப்பப் பகுதியிலிருந்து துருவம் நோக்கி நகரும் காற்று, பூமி சுழல்வதால் கிழக்குப் பக்கமாகத் திரும்பி, ஒன்பது பத்துக் கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் ஆறு போல ஓடுகிறது. அதுதான் ஜெட் ஸ்ட்ரீம். சில இடங்களில் அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். 1920-களில் வாசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர் பலூன்களை விட்டுவிட்டு அளந்து இதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு, உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று செயற்கையாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் அறிக்கை வெளியிட்டார், கிட்டத்தட்ட யாரும் படிக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் மேலே உயரத்தில் பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் மாட்டித் தடுமாறியபோதுதான் மற்றவர்களுக்கு இது உறைத்தது.

லண்டன்-நியூயார்க் தூரம் சுமார் 5,550 கி.மீ. போகவும் அதே தூரம், வரவும் அதே தூரம். ஆனால் நியூயார்க்கிலிருந்து கிழக்கே லண்டன் வர ஆறரை, ஏழு மணி நேரம் என்றால், மேற்கே திரும்பிப் போக எட்டு மணி நேரம்கூட ஆகிவிடும். 2020 பிப்ரவரியில் கியாரா புயல் ஐரோப்பாவை நோக்கி வீசிக்கொண்டிருந்தபோது ஒரு போயிங் 747 அந்தக் காற்றின் முதுகில் ஏறி 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்து சேர்ந்தது. தரையிலிருந்து பார்த்தால் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல். ஒலியின் வேகத்தையே தாண்டிய மாதிரி தோன்றும், ஆனால் தாண்டவில்லை. தன்னைச் சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்தவரை விமானம் வழக்கமான வேகத்தில்தான் போனது. நகரும் நடைமேடையில் நடப்பது மாதிரி. நிஜமாகவே ஒலியை மிஞ்சிப் போன கான்கார்ட் அதே வழியை 1996-இல் 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் கடந்தது. 2003-இல் அது ஓய்வு பெற்றபின் பயணிகள் விமானம் எதுவும் அந்த நேரத்தை நெருங்கவில்லை.

போகும்போது தள்ளுகிற காற்று வரும்போது தடுக்கும், மொத்தத்தில் சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆகாது. 5,600 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லையென்றால் போய்வர 12 மணி 27 நிமிடம். 100 கி.மீ. வேகக் காற்று அடித்தால் ஒரு பக்கம் 5 மணி 36 நிமிடம், மறுபக்கம் 7 மணி நேரம், மொத்தம் 12 மணி 36 நிமிடம். ஒன்பது நிமிடம் நஷ்டம். எதிர்க்காற்றில் கழிக்கும் நேரமே அதிகம் என்பதால் காற்று எப்போதும் நம்மிடமிருந்து கொஞ்சம் பிடுங்கிக்கொண்டுதான் விடும்.

தூரம் கூடினால் நேரம் கூடும் என்ற நம்பிக்கையையே உடைக்கிற கதை ஒன்று உண்டு. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா விமானம் மேற்கே அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வழி சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் அதைத் திருப்பி, கிழக்கே பசிபிக் வழியாக விட்டார்கள். 15,300 கி.மீ., அதாவது 1,400 கிலோமீட்டர் கூடுதல் சுற்று. ஆனால் வழியெல்லாம் பின்காற்று. பதினான்கரை மணி நேரத்தில் போய் இறங்கியது, பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. இதைப் படித்த நாளில் நான் மதிய வேலையை விட்டுவிட்டு உலக உருண்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் அதே ஊர், அதிகம் சுற்றுகிறவன் முதலில் வந்து சேர்கிறான். அந்த வழியின் பெருவட்டத் தூரம் என்று தளங்கள் காட்டும் 12,000 சொச்சம் கிலோமீட்டருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

வட அட்லாண்டிக்கில் இதை ஒரு தினசரிச் சடங்காகவே செய்கிறார்கள். காற்று எங்கே ஓடுகிறது என்று பார்த்து, ஒவ்வொரு நாளும் அன்றைக்கான வான்தடங்களைப் புதிதாக வகுத்து வெளியிடுகிறார்கள். கிழக்கே வருகிறவர்களுக்கான தடங்கள் காற்றின் நடுவில் போகும். மேற்கே போகிறவர்களுக்கானவை அதிலிருந்து ஒதுங்கிப் போகும். நேற்றைய வழி இன்றைக்கு இருக்காது.

காற்றாவது இயற்கை. மனிதர்கள் போடும் தடுப்பு இன்னும் மோசம். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ பெருவட்டப்படி சுமார் 7,800 கி.மீ. ரஷ்யாவின் மேலே நேராகப் பறந்து ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். பின்லாந்தின் விமான நிறுவனம் ஆசியாவுக்கான தன் தொழிலையே அந்தக் குறுக்கு வழியின் மேல் கட்டியிருந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. அப்புறம் வட துருவத்தின் மேலே ஏறி அலாஸ்கா பக்கம் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று, சுமார் 13 மணி நேரம். ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, தளத்தில் அதே 7,800-தான் காட்டும். துருவத்தைக் கடந்ததற்குப் பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்களாம். மூன்றரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்ததற்கு ஒரு காகிதமாவது கிடைத்ததே!

இதில் இன்னொரு கூத்து, இது புது வழியே இல்லை. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான்வெளி பூட்டிக் கிடந்தபோது ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போகிற விமானங்கள் இப்படித்தான் துருவப் பக்கமாகப் போய், அலாஸ்காவின் ஆங்கரேஜில் எரிபொருள் போட்டுக்கொண்டு போயின. ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் 1957-லேயே அந்தச் சேவையைத் தொடங்கிவிட்டது. அறுபத்தைந்து வருடம் கழித்து மறுபடி அதே வழி. இந்த முறை நடுவில் எங்கும் நிற்கத் தேவையில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

யாரும் மூடாமலேயே விமானங்கள் ஒதுங்கிப்போகும் இடங்களும் உண்டு. திபெத் பீடபூமி அப்படி ஒன்று. கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால் விமானம் சட்டென்று 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும், தலைக்கு மேல் தொங்கும் முகமூடியில் சுமார் கால் மணி நேரத்துக்குத்தான் ஆக்சிஜன். அங்கே தரையே சராசரியாக 4,500 மீட்டர், கிட்டத்தட்ட 15,000 அடி. இறங்க இடமில்லை. பெருவட்டக் கோடு அதன் மேல் போனாலும் விமானங்கள் பெரும்பாலும் சுற்றித்தான் போகின்றன.

கடிகாரக் குழப்பத்தை நான் அதிகம் பேசப்போவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அது நடக்கிறது. "ராத்திரி பத்துக்கு ஏறுற, விடியக்காலம் நாலுக்கு இறங்குற, ஆறு மணி நேரம்தானே" என்று அம்மா போனில் கணக்குப் போடுவார். சீட்டில் அச்சிட்டிருக்கும் இரண்டு நேரங்களும் இரண்டு ஊர்களின் நேரம் என்று நான் விளக்குவேன். அடுத்த முறையும் அதே ஆறு மணி நேரம்தான். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சமோவாவும் அமெரிக்க சமோவாவும் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள், நடுவே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், சிறு விமானத்தில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. நடுவில் பன்னாட்டுத் தேதிக்கோடு ஓடுகிறது. சமோவா 2011-இல் டிசம்பர் 30-ஆம் தேதியை அப்படியே விழுங்கிவிட்டுக் கோட்டின் இந்தப் பக்கம் தாவிவிட்டது. இப்போது அங்கிருந்து சனிக்கிழமை காலை கிளம்பினால் அமெரிக்க சமோவாவில் வெள்ளிக்கிழமை காலை இறங்கலாம். அம்மாவிடம் இதைச் சொல்லவே இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு, அந்தப் பெருவட்டத் தூரத்தால் யாருக்குத்தான் பயன் என்று கேட்கலாம். ஒருவருக்கு நிச்சயம் உண்டு, வழக்கறிஞருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் விமானம் ரத்தானாலோ மிகவும் தாமதமானாலோ பயணிக்கு இழப்பீடு தர 2004-இல் சட்டம் போட்டார்கள். தொகை தூரத்தைப் பொறுத்தது. 1,500 கி.மீ. வரை 250 யூரோ, அதற்கு மேல் 400, நீண்ட பயணத்துக்கு 600. விமானம் எங்கே சுற்றியது, காற்று எப்படி அடித்தது என்பதெல்லாம் பேச்சே கிடையாது. பெருவட்ட முறையில்தான் தூரத்தை அளக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

தூரத்தை அப்படி அடைத்துவிட்டார்கள், நேரத்தை அடைக்க முடியவில்லை. மூன்று மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் இழப்பீடு உண்டு. ஆனால் 'சேர்வது' என்றால் எப்போது? சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன் போன ஒரு விமானம், குறித்த நேரத்துக்கு 2 மணி 58 நிமிடம் தாமதமாகச் சக்கரத்தைத் தரையில் வைத்தது. நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றபோது தாமதம் 3 மணி 3 நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் 250 யூரோ ஒளிந்திருந்தது. நிறுவனம் சக்கரம் தொட்டதுதான் கணக்கு என்றது, பயணி ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்வரை போய், 2014 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. விமானத்தின் ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்கிற நேரம்தான் சேர்ந்த நேரம். அதுவரை பயணி அடைபட்டுத்தானே கிடக்கிறார், போன் பேசவோ எழுந்து போகவோ முடியாமல், என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். நான் படித்த நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே இவ்வளவு சரியாகப் பயணியின் முழங்கால் வலியைப் புரிந்துகொண்டது வேறொன்றில்லை.

பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 2023-இல் உள்நாட்டில் சில குறுகிய விமானச் சேவைகளைத் தடைசெய்தபோது, இத்தனை கிலோமீட்டருக்குக் குறைவு என்று அவர்கள் எழுதவில்லை. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போக முடிகிற வழி என்று எழுதினார்கள். பழைய தமிழில் நாழிகை வழி என்று ஒரு சொல் உண்டு, ஒரு நாழிகையில் நடந்து போகக்கூடிய தூரம். எத்தனை நேரம் ஆகும் என்பதைத் தவிர ஒரு வழிப்போக்கனுக்கு வேறு எந்த அளவும் தேவைப்படவில்லை. சட்டம் எழுதுகிறவர்கள் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு அற்ப சந்தோஷம்.

மாட்ரிட்-பார்சிலோனா இன்னொரு உதாரணம். விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடும். 2008-இல் அதிவேக ரயில் வந்தது, 621 கி.மீ. தண்டவாளம், இரண்டரை மணி நேரம். தளத்தில் தட்டிப் பார்த்தால் விமானம் பாதி நேரத்தில் ஜெயிக்கிறது. ஆனால் ரயில் ஊருக்கு நடுவிலிருந்து கிளம்பி ஊருக்கு நடுவில் இறக்கிவிடும். விமானப் பயணிகள் கூட்டம் கூட்டமாக ரயிலுக்கு மாறினார்கள். அவர்கள் யாரும் பெருவட்டக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

அந்த அம்மாவின் கதையை முடித்துவிடுகிறேன். என் தலைப் பாடத்துக்குப் பிறகு அவரும் தன் திரையில் வரைபடத்தைப் போட்டுக்கொண்டார். இரவு முழுக்க எனக்குச் செய்தி வாசித்தார். "தம்பி, வேகம் குறையுதே." "தம்பி, இப்ப எதிர்க்காத்து போட்டிருக்கான்." நடுவில் நான் தூங்கிப்போனேன், அவர் தூங்கவில்லை.

விடியும் நேரத்தில் விமானம் அட்டவணையைவிட இருபது நிமிடம் முன்னதாகவே தரை தொட்டது. மீதமுள்ள தூரம் 0 கி.மீ. என்று திரை காட்டியது. நமக்கான நிறுத்துமிடத்தில் இன்னொரு விமானம் நிற்கிறது, அது கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும் என்று விமானி அறிவித்தார். முக்கால் மணி நேரம் அப்படியே நின்றோம். யாரும் எழுந்திருக்கக்கூடாது. 0 கி.மீ. மாறவே இல்லை.

அதற்குள் அந்த அம்மாவின் போன் சிணுங்கியது. அழைக்க வந்த மகன் வெளியே நிற்கிறார் போல.

"வந்துட்டேம்ப்பா" என்றார். மூடிய கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லப்பா, இன்னும் வரல."